மெஷின் நிற்கிற நாள்

பிரின்சியின் தொண்டையைப் பற்றிக் கும்மிடிப்பூண்டியில் இரண்டு கட்சி உண்டு. கர்த்தர் கொடுத்த தொண்டையை இந்தப் பெண் இப்படிக் கத்திக் கத்திப் பாழாக்குகிறாளே என்பது ஒரு கட்சி. அது தொண்டையே இல்லை, மில் சங்கு என்பது இன்னொரு கட்சி. பிரின்சி இரண்டையும் சட்டை செய்வதில்லை. முப்பத்திரண்டு வயதில், கிராப்பு வெட்டிய தலையும் முதுகில் கிட்டாருமாக மின்சார ரயிலில் நின்றுகொண்டே சென்னைக்குப் போய்ப் பாடிவிட்டு வருகிறவளுக்கு ஊர்க்கட்சிகளோடு என்ன வேலை?

முதன்முதலில் கிட்டாரைத் தொட்டது சர்ச்சில்தான். பன்னிரண்டு வயது. பாட்டுக்குழுவில் அவளைச் சேர்த்த மூன்றாம் வாரமே வெளியே அனுப்பிவிட்டார்கள். பெரிய வெள்ளியின் துக்கப் பாட்டை அவள் கல்யாண வேகத்தில் அடித்தாள் என்பது குற்றச்சாட்டு. கொஞ்சம் மெதுவாக வாசித்தால் என்ன குறைந்தா போய்விடுவாய் என்று அம்மா மேரி கேட்டதற்கு, மெதுவாக வாசித்தால் தனக்கே கேட்கவில்லை என்றாள். பொய் இல்லை. அவர்கள் காலனிக்கும் இரும்பு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். இருபத்துநாலு மணி நேரமும் உருளைகளின் இரைச்சல். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் அழுவதே மற்றத் தெருக் குழந்தைகளைவிட ஒரு சுருதி கூடத்தான்.

அப்புறம் பத்து வருஷம் மெல்லிசைக் குழு. ஆரணியிலும் சோழவரத்திலும் கல்யாணம், திருப்பாச்சூர் பக்கம் கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் ஜிகினாப் புடவையைச் சுற்றிக்கொண்டு போய், எவரோ பாடிய பாட்டை எவரோ மாதிரியே பாடுவாள். ஒரு வரியை அவள் இஷ்டத்துக்கு இழுத்தால் குழுக்காரர் மேடையிலேயே முறைப்பார். நல்ல பெயர் கிடைத்தது, கைத்தட்டல் கிடைத்தது, பிரின்சிக்கு மட்டும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பசி அடங்காத மாதிரியே இருந்தது.

ஒருநாள் ஜோஷ்வா என்கிற பேஸ் கிட்டார்க்காரன் போனில் ஏதோ ஒரு தேசத்துப் பசங்களின் பாட்டைக் காட்டினான். கிட்டாரில் மூன்றே சுரக்கூட்டு, இரண்டு நிமிஷம், பாடுகிறவன் பாடவே இல்லை, சண்டை போட்டான். இதற்குப் பெயர் பங்க் என்றான். பிரின்சிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை நாள் எவனும் நமக்குச் சொல்லவில்லையே என்ற கோபம். அடுத்த மாதமே ஜிகினாப் புடவையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். உலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கிற அழுக்கை வழித்துக் கொட்டுவார்களே, அந்தப் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: கசடு. மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கிறவர்களிடம் பங்க்கில் இருக்கிறாள் என்று மேரி சொல்ல, பெட்ரோல் போடுகிற வேலையாவது நிரந்தரமா என்று கேட்டவர்கள் உண்டு.

மூன்றாவது ஆள் டிரம்ஸ் வாசிக்கிற பார்த்திபன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே மில்லில் நிரந்தர ஃபிட்டர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. பேச்சு குறைவு, கை சுத்தம். மேடையில் பிரின்சி எந்த வேகத்தில் ஓடினாலும் ஒரு அடி பின்னாலேயே வந்துகொண்டிருப்பான். அவளுக்கு அவன்மேல் சொல்லி மாளாத நம்பிக்கை.

ஸ்டீவன் செத்தது போன வருஷம். பிரின்சி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன். காண்டிராக்ட் ஆள். உலைக்குப் பழைய இரும்பு அள்ளிப்போடுகிற வேலை. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அள்ளிப்போட்ட இரும்புக்குள் மூடி திறக்காத டப்பா ஒன்று இருந்து, அது உலைக்குள் வெடித்து, உருகின இரும்பு வெளியே சிதறியது. அவன் பெண்டாட்டி ஹெலனுக்கு அப்போது ஏழு மாதம்.

அந்த மில்லில் ஒரு வழக்கம். காண்டிராக்ட் ஆட்கள் உள்ளே போகும்போது தங்கள் நம்பர் அடித்த பித்தளை டோக்கனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். வெளியே வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த டோக்கன்தான் அத்தாட்சி. ஸ்டீவன் விழுந்த அன்றைக்கு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் டோக்கன் கேட்டிலிருந்து மறைந்துவிட்டது. இவன் எங்கள் ஆளே இல்லை, லாரியோடு வந்தவன், வாசலில் விபத்து என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஆறடி ஆளை மறைத்தார்கள். உள்ளே இருந்து பார்த்தவர் ஒருவர் சொன்னால் போதும், வழக்கு நிற்கும் என்றார் வக்கீல். ஹெலன் வயிற்றைத் தூக்கிக்கொண்டும், பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் வீடு வீடாகப் போனாள். எல்லாருக்கும் அன்றைக்கு வேறு ஷிப்ட். பார்த்திபனும் தனக்குக் காலை ஷிப்ட், ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டதாகத்தான் சொன்னான். பிரின்சி நம்பினாள்.

அதற்கப்புறம் பிரின்சி எழுதின பாட்டுதான் 'டோக்கன்'.

*டோக்கன் எங்க? டோக்கன் எங்க?*
*கேட்டுல குடுத்தான், கேட்டுல இல்ல.*
*ஆளு எங்க? ஆளு எங்க?*
*உள்ள வந்தான், வெளிய வரல.*

நடுவில் பாட்டு நின்று வெறும் கேள்வியாகும். எந்த கேட்டு? எந்த ஃபர்னஸ்? எத்தினி மணி? சென்னையில் ஒரு காபிக் கடை மாடியில் இதைப் பாடியபோது பசங்கள் குதித்தார்கள், சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். கேள்விக்கு மட்டும் யாருக்கும் பதில் தெரியாது. ஓய் ஓய் என்று கத்தினார்கள். ரயிலில் திரும்பி வரும்போது பிரின்சிக்கு அவமானமாக இருந்தது. செத்தவன் பெயரை வைத்து நாம் கூத்தடிக்கிறோமோ என்றுகூட யோசித்தாள். இந்தப் பாட்டை ஒரே ஒரு இடத்தில்தான் பாட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்த இடம் தானாகவே கூப்பிட்டது. ஆயுத பூஜைக்கு மில்லில் வருஷா வருஷம் கச்சேரி வைப்பார்கள். இந்த வருஷம் வழக்கமான குழு வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. காண்டிராக்டர் ஒருவர், ஜிகினாப் புடவைக்கால நினைப்பில், நம்ம காலனிப் பொண்ணு அருமையாகப் பாடும் என்று பிரின்சியின் பெயரைக் கொடுத்துவிட்டார். பிரின்சி மூச்சு விடவில்லை. பக்திப் பாட்டில் ஆரம்பித்து நாலு சினிமாப் பாட்டில் முடிப்போம் என்று குரலில் தேன் தடவிச் சொல்லி வைத்தாள். அதற்கப்புறம் ஆறாவது எது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஹெலனையும் கோரஸ் பாடுகிறவள் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போவதாக ஏற்பாடு. புருஷன் செத்த இடத்தைக் கண்ணால் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்குள் ஸ்டீவன் பெயரை ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும். பிரின்சிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாமான்களை எல்லாம் காலையிலேயே பார்த்திபனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் உள் ஆள், கேட்டில் சோதனை இருக்காது. பதினொரு மணிக்கு அவளும் ஜோஷ்வாவும் ஹெலனும் உள்ளே போனபோது பூஜை முடிந்திருந்தது. வாசலில் வாழைமரம், தரையெல்லாம் உடைத்த பூசணிக்காய், எல்லார் கையிலும் பொரிப் பொட்டலம். குடும்பங்களை உள்ளே விடுகிற ஒரே நாள் அதுதான் என்பதால் பெண்களும் குழந்தைகளுமாக நானூறு ஐந்நூறு பேர் இருந்தார்கள். கிரேனுக்கும் உருளைகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. நடு ஷெட்டில் தார்ப்பாய் விரித்து ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் கருவி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த வரிசையின் முன்னால், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு படுத்திருந்தது பிரின்சியின் கிட்டார்.

கிட்டார் மட்டுமா? பேஸ், டிரம்ஸ், குச்சி, ஸ்பீக்கர் பெட்டி எல்லாமே சந்தனம் பூசிக்கொண்டு பக்திமயமாக உட்கார்ந்திருந்தன. மைக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுக்கலாம். இது தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். பார்த்திபன் வருஷா வருஷம் வீட்டில் குச்சியை அப்படித்தான் வைப்பான். இத்தனை வருஷத்தில் அந்த நாளில் அவர்களுக்குக் கச்சேரி வந்ததே இல்லை. அவனுக்கும் ஐயர் தீபாராதனை காட்டி முடித்த பிறகுதான் உறைத்திருக்கிறது. முகம் வெளுத்து நின்றான்.

"இன்னா பார்த்தி இது?" என்றாள் பிரின்சி.

"பழக்கம் பிரின்சி. கை அதுபாட்டுக்கு எடுத்து வச்சிடுச்சி."

"பழக்கமா, பயமா?"

பிரின்சிக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அதற்குள் ஹெச்.ஆர். அதிகாரி மணவாளன் வந்துவிட்டார். சற்றுமுன்தான் எவனோ அவருக்கு அந்த காபிக் கடைப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டியிருந்தான். கடுகடுவென்று வந்தவர் தார்ப்பாயைப் பார்த்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"பூஜையில வெச்சதை எடுக்கக்கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். சாப்பிட்டுட்டுப் போங்க, வடை பாயசம் எல்லாம் இருக்கு" என்றார்.

அந்த 'உங்களுக்கு' எங்கே குத்துகிறது என்று பிரின்சிக்குப் புரிந்தது. அதற்குத்தான் அவர் காத்திருக்கிறார் என்பதும் புரிந்தது. இரண்டு எட்டு வைத்துக் கிட்டாரை எடுத்தால், நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? வேதக்காரப் பெண் பூஜையைக் காலால் உதைத்தாள் என்பார்கள். ஸ்டீவன் இரண்டாம் தரமும் காணாமல் போவான். பார்த்திபனும் அவனைப் போன்றவர்களும் பொட்டு வைத்ததில் கள்ளம் இல்லை. அவர்கள் சோறு போடுகிற இரும்பைக் கும்பிடுகிறார்கள். அதன்மேல் கை வைக்க அவளுக்கும் மனசில்லை. ஆனால் வடை தின்றுவிட்டுப் போகிறதற்கா அவள் வந்தாள்?

சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை பேர் பேசுவது, குழந்தை அழுவது, பொரி நொறுங்குவது வரைக்கும் காதில் விழுகிறது. அவள் பிறந்ததிலிருந்து, வருஷத்தில் இந்த ஒரு நாள் தவிர, ஒரு நொடி நிற்காத இரைச்சல் இன்றைக்கு நின்றிருக்கிறது. மற்ற நாளில் இந்த ஷெட்டுக்குள் பக்கத்தில் இருப்பவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. இன்றைக்கு மெஷின் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

"என் தொண்டைய யாரும் பூஜைல வைக்கல சார்" என்றாள் பிரின்சி.

மணவாளன் பதில் யோசிப்பதற்குள் அவள் பொரி மூட்டை அடுக்கியிருந்த மேஜைமேல் ஏறிவிட்டாள். பாடவும் தொடங்கிவிட்டாள். கிட்டார் இல்லை, தாளம் இல்லை, சென்னையில் அவளைக் காப்பாற்றுகிற எந்த இரைச்சலும் இல்லை. முதல் வரியில் குரல் நடுங்கியது. அது அவளுக்கே கேட்டது. தகரக் கூரை அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. டோக்கன் எங்க? டோக்கன் எங்க? பொரி மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. பெண்கள் புருஷன்மார் முகத்தைப் பார்த்தார்கள். புருஷன்மார் தரையைப் பார்த்தார்கள்.

செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் மேஜையை நோக்கி வந்தார்கள். ஜோஷ்வா குறுக்கே போய் நின்றான். நாலு பேர் குடும்பத்தோடு அவர்கள் வழியில் நகராமல் நின்றுகொண்டார்கள். வேண்டுமென்று நின்றார்களா, வேடிக்கை பார்த்து நின்றார்களா என்று அவர்களைக் கேட்டாலே தெரியாது.

பிரின்சி கேள்விக்கு வந்தாள். "ஸ்டீவன் எந்த கேட்டுல வந்தான்?"

சென்னையில் ஓய் ஓய் என்று வருமே, அந்த இடம். இங்கே ஓய்கூட வரவில்லை. சரி, நம் கதை இவ்வளவுதான் என்று அவள் நினைத்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. எந்தத் தொழிலாளியின் பெண்டாட்டியோ.

"ரெண்டாம் கேட்டு."

அந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியாது. ஆனால் பெண்டாட்டி சொல்லிவிட்ட பிறகு எந்த ஆண் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியும்? எந்த ஃபர்னஸ் என்று பிரின்சி கேட்டபோது முப்பது நாற்பது பேர் மூணு என்றார்கள். எத்தனை மணி என்று கேட்டபோது ஷெட்டே நாலு என்றது. அவள் மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். மறுபடியும் சொன்னார்கள், இந்தத் தரம் இன்னும் பலமாக, வயிற்றிலிருந்து. மூணாம் நம்பர் உலை அங்கேயே பத்தடி தூரத்தில் சாமந்தி மாலையோடு இருந்தது. நிறையப் பேர் அதைக் கையால் காட்டியே சொன்னார்கள். இருபது வருஷமாகப் பாடுகிறாள்; ஒரு கூட்டம் அவளுக்குப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

அப்போது ஹெலன் எழுந்து நின்றாள். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். அவள் பேசப்போகிறாள் என்று பிரின்சிக்கே தெரியாது. கூட்டம் தானாக அடங்கியது.

"அவரு உள்ள வேல செஞ்சாருனு எல்லாருக்கும் தெரியுது" என்றாள் ஹெலன். குரல் உயரவில்லை. "வுழும்போது கூட யாரு இருந்தீங்க? அத்த ஒருத்தராச்சும் சொல்லுங்க."

ஐந்நூறு பேராகச் சேர்ந்து சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை. ஒரு ஆளாகச் சொல்வதுதான் கஷ்டம். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பிரின்சி மேஜைமேல் நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவளைத் தவிர்த்தன. அவள் மனசு கசந்துபோனது.

"நான் இருந்தேன்."

குரல் அவள் காலடியிலிருந்து வந்தது. பார்த்திபன். அவன் அவளைப் பார்க்கவில்லை, ஹெலனைத்தான் பார்த்தான்.

"அன்னிக்கு எனக்கு டபுள் ஷிப்ட். மூணாம் நம்பர்ல பம்ப் ரிப்பேர் பாத்துக்கினு இருந்தேன். வெடிச்சதும் ஓடிப்போய் நாந்தான் தூக்கினேன். உசுரு இருந்துச்சி. உன் பேரத்தான் சொன்னாரு."

பிரின்சிக்கு மேஜையிலிருந்து அப்படியே அவன்மேல் பாய வேண்டும் போல இருந்தது. எட்டு மாதமாக இந்தப் பாட்டுக்கு இவன் தாளம் போட்டிருக்கிறான். அவள் ஒவ்வொரு தரமும் கேட்ட கேள்விக்கு, அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். துரோகி என்று நினைத்தாள். நினைத்த அதே நொடியில், இரண்டு பெண் குழந்தைகளையும் நிரந்தர வேலையையும் வைத்துக்கொண்டு இவன் இப்போது எழுந்து நிற்கிறானே என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மைதான்.

"பார்த்திபன், யோசிச்சுப் பேசுங்க" என்றார் மணவாளன்.

"ஒரு வருஷமா யோசிச்சிட்டேன் சார்." அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். தன் பெயரையும், அப்பா பெயரையும், எம்ப்ளாயி நம்பரையும், கோர்ட்டில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னான். பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் முடித்ததும் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் கையைத் தூக்கினார். மேலேயிருந்து எல்லாத்தையும் பார்த்தேன் என்றார். அப்புறம் டோக்கன் வாங்குகிற பழைய செக்யூரிட்டி. அவர் பேசவில்லை, கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார், அழுதார். ஹெலன் பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், மறந்துவிடக் கூடாது என்று.

பாட்டுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. ரொம்பக் கோபமான சரணம், பிரின்சி எழுதினதிலேயே நல்ல வரிகள் அதில்தான் இருந்தன. அவள் அதைப் பாடாமல் மேஜையிலிருந்து இறங்கிவிட்டாள்.